சுழலி எஞ்சினில் கூட்டுப்பொருள்கள்: கிளிநொச்சி வகுப்பறையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குப் பொறியியல் தொழினுட்பவியல் கற்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது முல்லைத்தீவுக் கரையில். சித்தப்பா பைபர் படகு திருத்துபவர். பாடசாலை விடுமுறை நாட்களில் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ரெசின் குழைத்தேன். பின்னாளில் விமான எஞ்சின்களைப் பற்றிப் படித்தபோது அந்தக் கொட்டிலில் கண்டவையே மறுபடியும் வந்தன. வகுப்பிலும் வாசலிலும் பெற்றோர் கூட்டத்திலும் ஒரே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். விசிறியிலும் சுழலியிலும் சுற்றும் தட்டையான கைகளை ‘அலகு’ என்று சொல்கிறேன்.

1. கூட்டுப்பொருள் என்பது பிளாஸ்டிக்குக்கு வைத்த பெரிய பெயர்தானே, சேர்?

இல்லை. பைபர் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெசினை மட்டும் ஊற்றி ஒரு மெல்லிய தட்டு வார்த்தால் கையால் முறித்துவிடலாம். கண்ணாடி நாரை மட்டும் தூக்கிப் பிடித்தால் துணியைப் போலத் துவளும். நாரை விரித்து, ரெசினை ஊட்டி, இறுக விட்டால் வருடக்கணக்காக அலையில் அடிபடும் படகு கிடைக்கிறது. இழுவையைத் தாங்குவது நார். அந்த நாரை இடம்பெயராமல் பிடித்துக்கொண்டு, ஒரு நாரின் சுமையை அடுத்த நாருக்குக் கைமாற்றுவது ரெசின். இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடுவதில்லை. வெட்டிப் பார்த்தால் தனித்தனியே தெரியும். கலப்புலோகத்துக்கும் கூட்டுப்பொருளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வைக்கோல் சேர்த்துக் குழைத்த மண்சுவரும் இந்த இனம்தான். பனையும் அப்படியே. ஒரு பனையைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: கரிய நார்க்கட்டுகள் வெளிப்புறத்தில் நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும் இருக்கும். அந்த வெளிப்புறத்தில் எடுத்த சிலாகை கூரையை ஒரு தலைமுறைக்குத் தாங்கும். அதே சிலாகையை நீளவாக்கில் கோடரியால் பிளப்பதோ சுலபம். நார் ஓடும் திசையில் மலைபோன்ற பலம், குறுக்கே அவ்வளவு இல்லை. இந்தத் திசை என்ற விடயத்தை மனதில் வைத்திருங்கள். கீழே வரும் பல பதில்களுக்கு அதுவே திறவுகோல்.

2. எஞ்சினுக்குள் எது எங்கே இருக்கிறது என்பதை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லுங்கள்.

முன்னால் நாம் காணும் பெரிய சக்கரம் விசிறி. அது தள்ளும் காற்றில் பெரும்பகுதி எஞ்சினின் நடுப்பகுதிக்குள் போகாமல் சுற்றிச் சென்று பின்னால் வெளியேறி விமானத்தைத் தள்ளுகிறது. உள்ளே போகும் சிறு பகுதியை ‘அமுக்கி’ என்ற பாகம் நெருக்குகிறது. தகனவறையில் எரிபொருள் சேர்ந்து எரிகிறது. வெளிவரும் வெப்ப வாயு சுழலியைச் சுற்றுகிறது. அந்தச் சுழலிதான் தண்டின் வழியாக அமுக்கியையும் விசிறியையும் சுற்ற வைக்கிறது.

வெப்பநிலையைப் பாருங்கள். 11 கிலோமீற்றர் உயரத்தில் வெளிக்காற்று ஏறத்தாழ மறை 56 பாகை செல்சியஸ். அமுக்கியின் கடைசியில் 600 பாகையைத் தொட்டுவிடும். தகனவறையை விட்டு வரும் வாயு 1,500 பாகையைத் தாண்டும். சில மீற்றர் நீளத்துக்குள் இவ்வளவு மாற்றம்! ஆகவே ஒரே கூட்டுப்பொருளை எல்லா இடத்திலும் போட முடியாது. குளிர்ப் பக்கத்துக்கு எபொக்சி ரெசினில் பதித்த காபன் இழை. சூட்டுப் பக்கத்துக்குச் சிலிக்கன் காபைட்டுப் பீங்கானில் பதித்த சிலிக்கன் காபைட்டு இழை. பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள்.

3. நல்ல உலோகம் இருக்கும்போது நாரையும் பசையையும் ஏன் நம்ப வேண்டும்?

பாரத்துக்காக. டைட்டேனியத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 4.4 கிராம், காபன் இழைக் கூட்டுப்பொருளுக்கு 1.6 கிராம். சுற்றும் பொருளில் பாரம் என்ன செய்கிறது என்பதை உங்கள் பௌதிகவியல் பாடத்திலேயே கணக்கிடலாம். விசிறி நிமிடத்துக்கு 2,400 தடவை சுற்றுகிறது, அலகின் திணிவு மையம் அச்சிலிருந்து 0.8 மீற்றரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோகிராமும் அலகுகளைப் பிடித்திருக்கும் நடுத் தட்டை 50,000 நியூற்றனுக்கும் அதிகமான விசையோடு வெளியே இழுக்கும். 5 தொன் நிறை தொங்குவதற்குச் சமம் அது.

அலகில் ஒரு கிலோகிராம் குறைந்தால் அதைப் பிடித்திருக்கும் தட்டு மெலியலாம். தட்டு மெலிந்தால் தண்டும் தாங்கிகளும் இலகுவாகலாம். முறிந்த அலகைப் பிடித்து வைக்க வேண்டிய வெளிக் கவசமும், எஞ்சினைச் சுமக்கும் இறக்கையும்கூட இலகுவாகலாம். ஓர் இடத்தில் மிச்சம் பிடித்தது வரிசையாக எல்லா இடத்திலும் மிச்சமாகிறது. இரண்டாவது நன்மை வடிவம். நாரை விரும்பியபடி அடுக்கலாம், நெய்யலாம். அதனால் அகலமாகவும் வளைவாகவும் அலகு செய்யலாம். அகன்ற அலகென்றால் எண்ணிக்கை குறைவு. பயணிகள் விமானங்களுக்கான சிஎஃப்எம்56 எஞ்சினின் 7பி வகையில் 24 விசிறி அலகுகள் இருந்தன. அதற்கு அடுத்த தலைமுறையான லீப்பில் 18 மட்டுமே.

4. அப்படியானால் எரிபொருள் எவ்வளவு மிச்சமாகும்?

லீப் எஞ்சின் முந்தைய தலைமுறையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாக எரிபொருள் குடிக்கிறது என்பது அதைச் செய்யும் சிஎஃப்எம் நிறுவனத்தின் கணக்கு. முழுப் புகழையும் கூட்டுப்பொருளுக்குக் கொடுத்து விடாதீர்கள். சுற்றிச் செல்லும் காற்றுக்கும் உள்ளே செல்லும் காற்றுக்கும் உள்ள விகிதம், அந்த எஞ்சினின் 1ஏ வகையில் முன்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 11 வரை போகிறது. அதற்குப் பெரிய விசிறி வேண்டும். பெரிய விசிறியை உலோகத்தில் செய்தால் கேள்வி 3 இல் சொன்ன பாரம் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். கூட்டுப்பொருளின் பங்கு அங்கேதான்.

5. ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனம் காபன் இழையைத் தொட்டுத்தான் விழுந்தது என்று எங்கள் பெரியப்பா சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை. 1960களின் பிற்பகுதியில் லொக்ஹீட் ட்ரைஸ்டார் விமானத்துக்காக ஆர்பி211 என்ற எஞ்சினை ரோல்ஸ் ரொய்ஸ் வடிவமைத்தது. விசிறி அலகுகளை ‘ஹைஃபில்’ என்று பெயரிட்ட காபன் இழைக் கூட்டுப்பொருளில் செய்தார்கள். காற்று, மழை, சுழற்சி எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுத்தது. 1970 இல் பறவை மோதல் சோதனை வந்தது. ஓடும் எஞ்சினுக்குள் செத்த கோழியைச் சுட்டார்கள், அலகுகள் சிதறின.

காரணம் கேள்வி 1 இல் இருக்கிறது. அலகின் நீளத்துக்கு ஓடிய நார்கள் சுழற்சியின் இழுவையை அழகாகத் தாங்கின. பறவையின் அடியோ பக்கவாட்டில் வந்தது. அந்தத் திசையில் அடுக்குக்கு அடுக்கு பிடித்திருந்தது அக்காலத்து நொறுங்கும் ரெசின் மட்டுமே. அடுக்குகள் பிரிந்தன, அலகு போயிற்று. அவசரமாக டைட்டேனியத்துக்கு மாறினார்கள். ஏற்கெனவே செலவு எகிறியிருந்தது, விற்பனை விலையோ ஒப்பந்தத்தில் கட்டப்பட்டிருந்தது. 1971 பெப்ரவரி 4 ஆம் திகதி நிறுவனம் கடன் தீர்ப்பாளர் கைக்குப் போனது. பிரித்தானிய அரசு அதைத் தேசியமயமாக்கியது. காபன் இழை ஒரு காரணம். தனிக் காரணம் அன்று. எஞ்சின் பிழைத்துக்கொண்டது. எயார் லங்கா அந்த ட்ரைஸ்டார்களை ஆண்டுக்கணக்கில் பறக்கவிட்டது. பெரியப்பா 1980களில் வெளிநாடு போயிருந்தால், டைட்டேனியம் அலகோடு வந்த அதே ஆர்பி211 இல்தான் போயிருக்கவும் கூடும்.

இந்தக் கதையை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். கெட்டிக்காரர்கள் நல்ல பொருளைத் தெரிந்தெடுத்தும், அடி எந்தத் திசையில் வரும் என்பதைப் போதிய அளவு கேட்கவில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கும் கதை.

6. பிறகு யார் துணிந்தார்கள்? எது மாறியது?

ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். போயிங் 777 க்கான அதன் ஜிஇ90 எஞ்சின் 1995 இல் பயணிகள் சேவைக்கு வந்தது. 22 காபன் இழை அலகுகள். மூன்று மாற்றங்கள் முக்கியமானவை. ரெசின் நொறுங்கும் குணத்தை விட்டுச் சற்று இசைந்துகொடுக்கக் கற்றது. அடுக்குகள் பல திசைகளில் போடப்பட்டன. முதலில் அடிவாங்கும் முன் விளிம்புக்கு டைட்டேனியத்தில் உறை போடப்பட்டது. கோடரியின் வாய்க்கு மட்டும் உருக்கு வைப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அலகின் வளைவு அவ்வளவு அழகானது. நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் ஜிஇ90 இன் ஓர் அலகைத் தன் தொகுப்பில் வைத்திருக்கிறது.

2016 இல் சேவைக்கு வந்த லீப் இன்னும் ஒரு படி போனது. தாள்களை அடுக்குவதற்குப் பதிலாக, காபன் நூலை நீளம், அகலம், தடிப்பு என்ற மூன்று திசைகளிலும் தறியில் நெய்து, அச்சில் வைத்து ரெசினை அழுத்தத்தில் ஏற்றுகிறார்கள். அடுக்கே இல்லாததால் அடுக்குப் பிரியும் ஆபத்து மிகவும் குறைந்துவிட்டது. ஓலைப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டுவதற்கும், தடித்த கடகமாகவே பின்னி எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு.

எல்லோரும் இந்த வழியில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லீப் பொருத்தப்படும் ஏர்பஸ் ஏ320நியோ விமானத்துக்குக் கிடைக்கும் மற்ற எஞ்சினான பிராட் அண்ட் விட்னியில் விசிறி அலகுகள் அலுமினியக் கலப்புலோகம். முன் விளிம்பு டைட்டேனியம். பல்லிணைவு மூலம் அதன் விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. அதனால் அவர்களுக்கு அந்தத் தீர்வு பொருந்துகிறது.

7. எங்கள் பக்கத்து மயில் ஒன்று உள்ளே போனால் தாங்குமா?

தாங்கும் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. நடுத்தரப் பறவைகள் கூட்டமாக உள்ளே போனால், எஞ்சின் தன் தள்ளுவிசையில் குறைந்தது 75 சதவீதத்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். ஒரு பெரிய பறவை போனால் எஞ்சின் நின்றுவிடலாம். ஆனால் துண்டுகள் கவசத்தைத் துளைத்து வெளியே பாயக்கூடாது, தீப்பற்றக்கூடாது. மிகப் பெரிய எஞ்சின்களுக்குப் பெரிய பறவை என்பது 3.65 கிலோகிராம். இரணைமடு வயல்களில் தோகை விரிக்கும் ஆண் மயில் அதைத் தாண்டும். அதனால்தான் ஓடுபாதையைச் சுற்றிப் பறவைகளை விரட்டுவது எஞ்சின் வடிவமைப்புக்குச் சமமான வேலை.

இதோடு இன்னொரு சோதனையும் உண்டு. முழு வேகத்தில் சுற்றும் விசிறியின் ஓர் அலகை அடியில் வெடிவைத்து வேண்டுமென்றே கழற்றுவார்கள். கவசம் அதை உள்ளேயே பிடிக்க வேண்டும். போயிங் 787 இல் வரும் ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினில் அந்தக் கவசமும் கூட்டுப்பொருள்தான்.

8. 1,500 பாகையில் காபன் இழை சாம்பலாகிவிடாதா?

ஆகும். காபன் இழைக்கு முன்னரே எபொக்சி 200 பாகைக்குள் தளர்ந்துவிடும். அதனால்தான் கேள்வி 2 இல் இரண்டு குடும்பங்கள் என்றேன். சூட்டுப் பக்கத்து இழை சிலிக்கன் காபைட்டு. உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் கரிய துகள் இருக்கிறதே, பல வகைகளில் அதுவும் இதுவும் ஒரே சேர்வை. அதை நூலாக இழுக்க வழி கண்டவர் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் யஜிமா, 1970களின் நடுப்பகுதி. சிலிக்கனும் காபனும் கோத்த ஒரு பல்பகுதியத்தை (பொலிமரை) முதலில் நூலாக நூற்று, பிறகு சூளையில் சுட்டுப் பீங்கானாக்கினார். நூலாக நூற்றபின் கல்லாக்குவது என்ற அந்த எண்ணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

அந்த இழைகளைத் துணியாக அடுக்கி, இடைவெளிகளில் காபன் தங்கும்படி செய்து, உருகிய சிலிக்கனை உறிஞ்ச விடுவார்கள். சிலிக்கன் அந்தக் காபனோடு சேர்ந்து சிலிக்கன் காபைட்டாகிறது. கொஞ்சம் சிலிக்கன் சேராமல் தனியே மிஞ்சும். அது 1,414 பாகையில் உருகும் என்பதால் இந்த வகைப் பொருளை ஏறத்தாழ 1,300 பாகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

‘அப்படியானால் 1,500 பாகை வாயுவுக்கு இதுவும் போதாதே’ என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. நிக்கல் கலப்புலோகமும் போதாது; அது உருகும் வெப்பநிலையைவிட வாயு சூடானது. உள்ளே நுண்துளைகளால் காற்றை ஊதி, வெளியே சேர்க்கோனியம் ஒட்சைட்டுப் பூச்சுப் பூசித்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிர்காற்று அமுக்கியில் பாடுபட்டு நெருக்கிய காற்று, எரிக்காமல் வீணாகிறது. பீங்கான் கூட்டுப்பொருளுக்கும் குளிர்ச்சி வேண்டும், ஆனால் மிகக் குறைவாக. மிச்சமான காற்று வேலைக்குப் போகிறது. நிக்கலின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு என்பது மேலதிக இலாபம்.

9. பீங்கான் கோப்பை கைதவறினால் சுக்குநூறு. அதே பீங்கானை எப்படி எஞ்சினில் வைப்பது?

என்னிடம் வந்த கேள்விகளில் மிகச் சிறந்தது இது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். கோப்பை ஏன் சிதறுகிறது? ஓரிடத்தில் தொடங்கும் மயிரிழை வெடிப்பை நிறுத்த அதற்குள் எதுவும் இல்லை. வெடிப்பு மறுகரை வரை ஓடிவிடுகிறது. கூட்டுப்பொருளிலும் வெடிப்பு தொடங்கத்தான் செய்யும். ஆனால் ஓடும் வழியில் ஒரு நாரைச் சந்திக்கும்.

அந்தச் சந்திப்பில்தான் கலை இருக்கிறது. நாரும் சுற்றியுள்ள பீங்கானும் இறுகப் பற்றியிருந்தால் வெடிப்பு நாரையும் அறுத்துக்கொண்டு போய்விடும், கோப்பையின் கதைதான். ஆகவே ஒவ்வொரு நாருக்கும் போரன் நைத்திரைட்டில் மெல்லிய பூச்சுப் போடுகிறார்கள். பென்சில் கரியைப் போல வழுக்கும் பொருள் அது. வெடிப்பு அங்கே வந்ததும் நாரை அறுக்காமல் பூச்சின் வழியே பக்கமாகத் திரும்பிவிடும். நார் அறாமல் நின்று வெடிப்பின் இரு கரைகளையும் பாலம்போலப் பிடித்துக்கொள்ளும். மேலும் இழுத்தால் உரசிக்கொண்டு மெல்ல உருவும். அந்த உராய்வில் அடியின் சக்தி செலவாகிறது. ஒரேயடியாகச் சிதறாமல், முன்னறிவிப்போடு படிப்படியாகத் தளர்கிறது.

வலுவான பொருள் செய்ய வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இறுக ஒட்ட வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். இங்கே பலம் வந்ததோ, ஓரிடத்தில் அளவோடு விட்டுக்கொடுத்ததால். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

10. அவ்வளவு நல்லதென்றால் சுழலி அலகையே ஏன் அதில் செய்யவில்லை?

லீப்பில் பீங்கான் கூட்டுப்பொருள் இருப்பது சுழலி அலகுகளைச் சுற்றி நிற்கும் வளையத் துண்டுகளில். 2020 இல் அமெரிக்கச் சான்றிதழ் பெற்ற ஜிஇ9எக்ஸில் அது தகனவறையின் உட்சுவர்களுக்கும், வாயுவைத் திருப்பிவிடும் நிலையான அலகுகளுக்கும் வந்துவிட்டது. எல்லாம் அசையாத பாகங்கள். சுற்றும் உயரழுத்தச் சுழலி அலகுகள் இன்னும் ஒற்றைப் பளிங்கு (முழு அலகும் ஒரே பளிங்காக வளர்த்த) நிக்கல் கலப்புலோகம்.

ஏன்? நிமிடத்துக்கு 10,000 சுற்றில், 0.3 மீற்றர் தொலைவில் இருக்கும் 200 கிராம் அலகு ஏறத்தாழ 66,000 நியூற்றனால் இழுக்கப்படும். கேள்வி 3 இல் செய்த கணக்குத்தான். நீங்களே செய்து பாருங்கள். அந்த இழுவை முழுவதும் அலகின் அடிப்பகுதியில் ஒரு சிறு கொளுவியில் குவிகிறது. உலோகம் அங்கே சற்றே நெளிந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும், பீங்கான் நெளியாது. போர் விமான எஞ்சின் ஒன்றின் தாழழுத்தச் சுழலியில் சுற்றும் பீங்கான் அலகுகளை ஜெனரல் எலெக்ட்ரிக் சோதித்திருக்கிறது. பயணிகள் எஞ்சினுக்கு அவசரப்படாமல் இருப்பதே சரி என்பது என் எண்ணம். கேள்வி 5 இல் சொன்னதை இந்தத் துறை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது.

11. பீங்கான் துருப்பிடிக்காது. பிறகு எதற்குப் பூச்சு?

சிலிக்கன் காபைட்டு ஒட்சிசனோடு சேர்ந்தால் மேலே கண்ணாடிபோல ஒரு படலம் உண்டாகும்; உலர்ந்த காற்றில் அதுவே காவல். ஆனால் எரிபொருள் எரிந்தால் நீராவி வரும். கடும் சூட்டில் வேகமாகப் பாயும் நீராவி அந்தப் படலத்தையே வாயுவாக்கி அடித்துக்கொண்டு போகும். படலம் மறுபடி உண்டாகும், மறுபடி போகும். பாகம் தேய்ந்துகொண்டே வரும். அதைத் தடுக்கத்தான் அருமண் சிலிக்கேற்றுப் பூச்சு.

தூசி இரண்டாவது எதிரி. கல்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் கலந்த நுண்மணலும் எரிமலைச் சாம்பலும் ஏறத்தாழ 1,200 பாகைக்கு மேல் உருகிக் கண்ணாடிக் குழம்பாகிப் பூச்சுக்குள் ஊறும். பாலைநில விமான நிலையங்களில் இது பெரிய தலைவலி. ‘ஏ9 வீதித் தூசியும் அப்படிச் செய்யுமா’ என்று கேட்டவர்களுக்கு: எங்களுக்கு மேலே 11 கிலோமீற்றரில் பறக்கும் விமானத்துக்கு எங்கள் தூசி எட்டாது. ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே போவதுதான் கணக்கு.

12. கிபிர் வந்தால் பங்கருக்குள் ஓடிய ஆட்கள் நாங்கள். அந்த எஞ்சினையா தம்பி பிள்ளைக்குப் படிப்பிக்கிறீர்கள்?

ஒரு மாணவனின் தாயார் கேட்டார். அக்கா, அந்தப் பங்கருக்குள் நானும் இருந்தேன். இன்றும் வானில் திடீரென்று இரைச்சல் எழுந்தால் என் உடம்பு என்னைக் கேட்காமலே குனிகிறது. கிபிர்ப் போர் விமானத்தில் இருந்தது ஜே79 என்ற 1950களின் எஞ்சின். முன்னே விசிறி இல்லை. உட்போகும் காற்று முழுவதும் தகனவறையின் வழியே போய், மிக வேகமான சூடான தாரையாகப் பின்னால் பீறிடும். அந்தத் தாரை சுற்றியுள்ள காற்றைக் கிழிப்பதுதான் நாங்கள் கேட்ட சத்தம்.

1952 இல் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் காட்டியது இது: தாரையின் ஒலி வலு அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கோடு கூடுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி வலு 256 இல் ஒரு பங்காகும். பெரிய விசிறியால் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும் இன்றைய எஞ்சின் அமைதியாக இருப்பது அதனால்தான். அந்தப் பெரிய விசிறியைச் சாத்தியமாக்கிய பொருளைத்தான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இதே பொருள் போர் விமானத்துக்கும் போகிறது. அதைப் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. கேள்வி 10 இல் எழுதியும் வைத்திருக்கிறேன்.

13. மன்னார்க் காற்றாலையின் கைகளும் கூட்டுப்பொருள்தானே? இரண்டும் ஒன்றா?

இனம் ஒன்று, வாழ்க்கை வேறு. மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் சேர்ந்து 103.5 மெகாவாற் திறனோடு நிற்கின்றன. அத்தகைய கைகளுக்குப் பெரும்பாலும் கண்ணாடி இழை. எங்கள் பைபர் படகுக்கு நெருங்கிய உறவு. அவை நீளமானவை, மெதுவாகச் சுற்றுபவை, சூடு காணாதவை. அவற்றின் பகை இருபது ஆண்டுகள் ஓயாமல் வளைந்து நிமிர்வதால் வரும் களைப்பும், வெயிலும், உப்புக்காற்றும்.

14. பலாலிக்கு வரும் சிறிய விமானத்திலும் இது இருக்கிறதா?

இருக்கிறது. சென்னையிலிருந்து பலாலிக்கு வந்த ஏடிஆர் 72 விமானத்தை ஓட்டுவதும் சுழலி எஞ்சின்தான். அது முன்னால் ஆறு கைகள் கொண்ட உந்தியைச் சுற்றுகிறது. அந்தக் கைகள் கூட்டுப்பொருள். அடுத்த முறை போகும்போது கிட்ட நின்று பாருங்கள்.

15. உள்ளே பிரிந்திருந்தால் வெளியே எப்படித் தெரியும்?

உலோகம் அடிபட்டால் நெளிந்து காட்டிக்கொடுக்கும். கூட்டுப்பொருள் வெளியே வழவழப்பாக இருந்துகொண்டு உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கலாம். சித்தப்பா படகின் பக்கத்தை ஒரு காசால் தட்டிக்கொண்டே போவார். ‘டிங்’ என்றால் நல்ல இடம். ‘டொப்’ என்றால் உள்ளே ரெசின் விட்டிருக்கிறது. விமானப் பராமரிப்பிலும் தட்டிக் கேட்பது ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. காசுக்குப் பதிலாகச் சிறு சுத்தியல், அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்ட நாள் நேரே சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

ஆழத்தில் இருப்பதைக் காண மீயொலி அலையை அனுப்பி எதிரொலி பார்ப்பார்கள். மேற்பரப்பைச் சூடாக்கி எங்கே மெதுவாக ஆறுகிறது என்று வெப்பக் கமராவில் பார்ப்பார்கள். பீங்கான் பாகத்தை எக்ஸ்கதிரில் துண்டு துண்டாகப் படம் எடுப்பார்கள். உலோகம்தான் பாதுகாப்பு என்று எண்ணவும் வேண்டாம். 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவன விமானம் ஒன்றில் டைட்டேனியம் விசிறி அலகு களைப்பு வெடிப்பால் முறிந்து, பயணி ஒருவர் உயிரிழந்தார். எந்தப் பொருளாக இருந்தாலும் ஒழுங்காகத் தட்டிக் கேட்கும் ஆள் வேண்டும்.

16. படகுக்கு ஒட்டுப்போடுவது போல இதற்கும் போடலாமா?

படகில் பழுதான இடத்தைச் சரிவாகத் தேய்த்து, புதிய நாரைப் பழையதன்மேல் நன்றாக ஏறும்படி பரப்பி ரெசின் ஊட்டுகிறோம். சரிவு ஏன்? சுமை பழைய நாரிலிருந்து புதிய நாருக்குப் படிப்படியாகக் கைமாற வேண்டும். விமானக் கூட்டுப்பொருளிலும் விதி அதுவே. ஆனால் விசிறி அலகில் எவ்வளவு, எங்கே திருத்தலாம் என்பதற்குத் தயாரிப்பாளரின் கையேடு எல்லை போட்டிருக்கும். விளிம்பில் சிறு கீறலைச் சீராக்கலாம், அடிப்பகுதியில் கைவைக்க முடியாது. எல்லை தாண்டினால் அலகை மாற்ற வேண்டியதுதான். பழைய அலகை உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது, இறுகிய எபொக்சி உருகாது. கரையோரம் உக்காமல் கிடக்கும் பழைய பைபர் படகுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலையை நான் விளக்கத் தேவையில்லை. இந்தத் துறை இன்னும் கடனாளியாக நிற்கும் இடம் இது.

17. என் அண்ணாவின் செயற்கைப் பாதத்தில் காபன் இழை என்று எழுதியிருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

ஆம், அதே குளிர்ப் பக்கக் குடும்பம். குதி நிலத்தை அழுத்தும்போது வளைந்து சக்தியைச் சேமித்து, விரல் பக்கம் போகும்போது திருப்பிக் கொடுக்கும்படி நார்களை நீளவாக்கில் அடுக்கியிருக்கிறார்கள். இறப்பரில் செய்யும் ஜெய்ப்பூர் பாதம் வேறு. அது சேற்றிலும் வயலிலும் நின்றுபிடிக்கும். அண்ணாவிடம் சொல்லுங்கள்: ஓரம் பிரிந்தாலோ, நடக்கும்போது புதிதாகச் சத்தம் வந்தாலோ உடனே காட்ட வேண்டும். காரணம் கேள்வி 15 இல் இருக்கிறது.

18. இங்கிருந்து படித்து இந்தத் துறைக்குப் போக முடியுமா?

முடியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கின்றன. எங்கள் வகுப்பறையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரவியவியலுக்கென்றே தனித் துறை உண்டு. இரசாயனவியலை மனப்பாடப் பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். கேள்வி 8, 9, 11 மூன்றும் இரசாயனவியல்தான்.

19. வீட்டில் செய்து பார்க்க ஏதாவது சொல்லுங்கள் சேர்.

களிமண்ணைக் குழைத்து, ஒரு சாண் நீளத்தில் ஒரே அளவாக மூன்று கட்டைகள் வாருங்கள். ஒன்றில் வெறும் மண். இரண்டாவதில் வைக்கோலை நீளவாக்கில் பதியுங்கள். மூன்றாவதில் அதே அளவு வைக்கோலைச் சிறிதாக வெட்டிக் குறுக்கே பதியுங்கள். நிழலில் ஒரு கிழமை காயட்டும். பிறகு இரு செங்கல்லுக்கு இடையில் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டுச் சிரட்டை சிரட்டையாக மணல் போடுங்கள். எத்தனையாவது சிரட்டையில் முறிந்தது என்பதை எழுதுங்கள். அதோடு எப்படி முறிந்தது, படாரென்றா, தொங்கிக்கொண்டு மெல்லவா என்பதையும் எழுதுங்கள். முறிந்த முகத்தில் வைக்கோல் அறுந்திருக்கிறதா, உருவிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டைகளை எறியாமல் திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.